பட்டா இல்லாதவர்களின் பாலாறு

2025 பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள். முதியோர் உதவித்தொகை வாங்க வந்த கூட்டம் கவுண்டர் முன்னால் நிற்கிறது. (வங்கிக் கவுண்டரைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இதைத் தெளிவுபடுத்திவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.) அறுபத்தைந்து வயசு இருக்கும் ஒரு அம்மா பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"கோர்ட்டுல பாலாத்துத் தண்ணிக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லிட்டாங்களாமே நைனா, டிவியில சொன்னான். எங்களுக்கும் வருமா?"

"பட்டா கீதாம்மா?"

"எனக்கு ஏது நைனா பட்டா? நாப்பது வருசமா அந்தக் கொல்லையில களை எடுத்தது நாந்தான். கெணத்துத் தண்ணி உப்பாயிடுச்சின்னு மொதல்ல வாயில ஊத்திப் பாத்து சொன்னதும் நாந்தான்."

விசாரிச்சு சொல்றேம்மா என்றேன். பொய். விசாரிக்க ஒன்றுமில்லை, எனக்குப் பதில் தெரியும். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், அந்த அம்மா ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அந்தப் பொய் மட்டும் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோழர்களுக்கு வழக்கின் கதை ஓரளவு தெரிந்திருக்கும். ஆனாலும் கணக்கை ஒருமுறை விரித்து வைத்துக்கொள்வோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்ததை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இழப்பைக் கணக்கிட்டு வாங்கிக்கொடுக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பாஸ்கரன் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001ல் அது வேலூர் மாவட்டத்துக்குச் சொன்ன கணக்கு: பாதிக்கப்பட்டோர் 29,193. கட்ட வேண்டிய தொழிற்சாலைகள் 547. மொத்தத் தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்காது. வகுத்துப் பார்த்தேன். பாதிக்கப்பட்டவருக்குச் சராசரி 9,187 ரூபாய். தொழிற்சாலை கட்ட வேண்டியது சராசரியாக 4 லட்சத்து 90 ஆயிரம். ஒரு கிணறு செத்ததற்கு ஒன்பதாயிரம் ரூபாய்! அந்தக் காலத்தில்கூட ஒரு ஜோடி மாடு வாங்க அது பற்றியிருக்காது. எனவே நிலக்காரர்கள் எதையோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் பொறாமையில் எழுதுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்ததும் பிச்சைதான். அதிலும் எத்தனையோ பேருக்கு வந்து சேராததால்தான் வழக்கு மறுபடி உச்சநீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 30ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடு, கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவனிடம் வசூல் பண்ணிக்கொள் என்று அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டது. அந்தச் செய்தியைத்தான் அந்த அம்மா டிவியில் பார்த்திருக்கிறார்.

என் கேள்வி வேறு. இந்த 29,193 என்ற எண்ணிக்கைக்குள் நுழைய என்ன தகுதி?

எங்கள் ஊரில் கணக்கெடுப்பு நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஊர்த்தெருவுக்கு ஜீப் வந்தது. கிராம நிர்வாக அலுவலர் சிட்டா, அடங்கல் புத்தகங்களோடு வந்தார். சர்வே எண் என்ன, எத்தனை ஏக்கர், என்ன பயிர், விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஜீப் காலனிக்குள் வரவில்லை. வந்துதான் என்ன எழுதுவார்கள்? எங்களிடம் சர்வே எண்ணே கிடையாதே. நாங்கள் ஜீப்பின் பின்னாலேயே ஓடினோம், அவ்வளவுதான்.

அந்த ஏக்கர்களில் ஒன்றில் என் அம்மா கூலிக்குப் போனார். முன்னே பாலாற்று மணலுக்கடியில் ஓடும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கழனிக்குக் கொண்டு வந்தார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதத்திலும் ஊற்றுக்காலில் ஓடுமாம். நெல், கரும்பு, வாழை. நாற்று நடவு, களை, அறுப்பு என்று வருஷத்தில் பாதிநாள் அம்மாவுக்கு வேலை இருந்தது. அறுப்புக்கு நெல்லாகவே கூலி. நிலம் உப்புப் பூத்தபின் முதலில் போனது நெல். அப்புறம் கரும்பு. கடைசியில் உப்பைக் கொஞ்சம் தாங்குகிற தென்னை வைத்தார்கள். தென்னந்தோப்புக்குக் களை எடுக்கிறவள் எதற்கு? ஆக நிலக்காரருக்கு விளைச்சல் குறைந்தது. அம்மாவுக்கு வேலையே போனது. குறைந்த விளைச்சலுக்குக் கணக்கு இருந்தது. ஒழிந்துபோன கூலிநாட்களுக்கு இல்லை. நிலக்காரர் செக் வாங்கிய அன்றைக்கு அம்மா கேட்டது எனக்கு ஞாபகமிருக்கிறது. "நெலம் அவுருது, செரி. தண்ணி யாருதுடா?"

இந்தக் கேள்வியை எந்த நீதிபதியின் முன்னாலும் வைக்கலாம். 1927 மார்ச்சில் மகாடு குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்த பாபாசாகேப் அம்பேத்கர் கேட்டதும் இதைத்தான். ஆனால் எங்கள் பகுதியில் குளத்தில் இறங்கும் உரிமை கிடைத்த காலமும் குளத்துத் தண்ணீர் நாசமான காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன. பொதுக்கிணறு பொதுவாக ஆனபோது அதில் குடிக்கிற மாதிரித் தண்ணீர் இல்லை. அதற்குள் ஊர்க்காரர்கள் கேன் தண்ணீருக்குப் போய்விட்டார்கள்.

இனி அப்பா. அவர் தோல் கம்பெனியில் ஈர வேலை பார்த்தார். வெளியூர்த் தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி அடுக்கி வைப்பார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு. கம்பெனிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பு போக ஊறவைத்து அலசுவது. பாலாற்று மணலுக்கடியில் இறங்கிய உப்பில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அப்புறம் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு முடி நீக்குவது. அப்புறம் சதை சீவுவது. அப்புறம் அமிலம், குரோம், டிரம். டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் நீலமாக இருக்கும். அதுவரைக்கும் உள்ள வேலை எல்லாம் சேரி ஜனத்தின் வேலை. பறையரும் அருந்ததியரும். நீலமானதற்குப் பிறகு தோல் காயக் காய, சாயம் ஏற ஏற, மெஷின் நுணுக்கம் கூடக் கூட வேலைக்காரனின் சாதியும் மெல்ல ஏறும். ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தோலின் வாசனையே தெரியாது. இது எழுதாத சட்டம். எந்தத் தொழிலாளர் நலத்துறைப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

அப்பாவின் கைவிரல் இடுக்கில் புண் ஆறியதே இல்லை. சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று களியை மோரில் கரைத்துக் குடிப்பார். நஷ்டஈட்டு ஆணையத்துக்கு அப்பாவின் தோல் சம்பந்தமில்லாத விஷயம். அது ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ இல்லை, நிலத்தின் மேல்தோலும் இல்லை.

சல்பைடு தங்கிய கழிவில் அமிலம் கலந்தால் ஒரு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுபோச்சு என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவன் அப்படியே விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். எங்கள் வட்டாரப் பத்திரிகைச் செய்திகளில் இது வழக்கமாகிப்போன மரணம். செய்தியில் 'விஷவாயு தாக்கி' என்று போடுவார்கள். வாயு தானாக வந்து தாக்கியது மாதிரி! இறக்கிவிட்டவன் யார் என்பது அந்த வாக்கியத்தில் இராது.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் படித்து ஈர வேலையை விட்டு நகர ஆரம்பித்தவுடன் அந்த இடத்துக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அவர்கள் அங்கே என்ன சாதி, என்ன மதம் என்று விசாரித்தால் கதை பெரும்பாலும் நம் கதையாகவே இருக்கிறது. சேறு என்னவோ ஒரே சேறு. அதை அள்ளுகிற கைகளை நாடு முழுக்கத் தேடி அழைத்து வருகிறார்கள். வளர்ச்சி என்று பட்ஜெட்டில் வாசிக்கப்படுவதன் இன்னொரு பக்கம் இது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேச வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் முதலாளிகளில் பெரும்பாலோர் இசுலாமியர். அதை வைத்துக்கொண்டு, 'பாலாற்றைக் கெடுத்தவர்கள் துலுக்கர்கள்' என்று காதில் ஓதுகிறவர்கள் சிலர் நம் காலனிக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேளுங்கள். தோலைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி ஒதுங்கியவர்கள் யார்? தீட்டு என்று ஒதுங்கிய தொழிலை இசுலாமிய வணிகர்கள் எடுத்தார்கள். தீட்டே உடம்பானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாம் அதில் கூலிக்குப் போனோம். முதலாளி என்ற முறையில் அவர்களோடு நமக்குச் சண்டை உண்டு, இருக்கும். அது கூலிச் சண்டை, உயிர்ச் சண்டை. அதை மதச் சண்டையாக்கிக் கொடுக்க நாம் யாருக்கும் ஆள் இல்லை. தோல் லாபத்தில் பங்கு வாங்கியவர்கள் வெறும் குல்லாக்காரர்களும் இல்லை. அந்நியச் செலாவணி எண்ணிய தில்லி அரசும், இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பளபளவென்று செருப்புப் போட்டு நடந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

முன்னே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். நாற்றம் இருந்தது, விஷம் இவ்வளவு இல்லை. 1972ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுசாக்கி அனுப்பு, அதிக டாலர் வரும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகுதான் குரோம் எங்கள் பக்கம் அலையலையாக வந்தது. குரோம் உப்பு தயாரிக்க ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் கம்பெனி நடந்தது. 1995ல் மூடிவிட்டுப் போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்து விட்டுப் போனது. மேற்கு நாடுகள் தங்கள் ஊரில் தோல் ஊறவைப்பதைக் குறைத்துக்கொண்டே வந்த அதே காலத்தில் நம் ஊரில் டிரம்கள் பெருகின. அதே மேற்கு நாடுகள் 1990களின் தொடக்கத்தில், எங்கள் செருப்பில் பென்டாகுளோரோபீனால் இருக்கக்கூடாது, அசோ சாயம் இருக்கக்கூடாது என்று தடை போட்டன. சரியான தடைதான். செருப்புப் போடுகிற காலுக்கு ஆபத்து என்றதும் ஒரு வருஷத்தில் மாறிவிட்டது. தோலை மிதித்த காலுக்கு முப்பது வருஷமாகியும் மாறவில்லை.

சுற்றுச்சூழல் நண்பர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் வழக்குப் போட்டிராவிட்டால் பாலாற்றுக்கு இன்றைக்குப் பேர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் அவர்கள் எழுதும் 'பாலாறு' யாருடைய ஆறு? அவர்கள் கட்டுரைகளில் ஓர் அழிந்துபோன பொற்காலம் வரும். கரும்பு ஆலைகள், வெற்றிலைத் தோட்டம், தேன் மாதிரித் தண்ணீர். அந்தப் பொற்காலத்தில் என் தாத்தா பண்ணையாள். தேன் மாதிரித் தண்ணீரை அவருக்குக் கையில் ஊற்றினார்கள், பாத்திரத்தில் கொடுக்கவில்லை. தோல் கம்பெனி வந்ததால்தான் என் அப்பா பண்ணையை விட்டு வெளியேறினார். வாரக் கூலி ரொக்கமாகக் கையில் வாங்கினார். நிலக்காரரைப் பார்த்துத் துண்டைக் கக்கத்தில் இடுக்காமல் சைக்கிளில் போனார். அந்தக் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன், பரீட்சை எழுதினேன், இந்த நாற்காலிக்கு வந்தேன். என் சம்பளத்தில் குரோம் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு நான் ஆற்றைப் பற்றிக் கவிதை எழுத முடியாது. சிலது எழுதியிருக்கிறேன். அவை மோசமான கவிதைகள்.

ஆகவே கம்பெனியை மூடு என்று ஒரு பக்கமும், மூடினால் தொழிலாளி பட்டினி என்று இன்னொரு பக்கமும் கத்தும்போது நாம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறோம். கங்கை மாசு வழக்கில் 1987ல் கான்பூர் தோல் கம்பெனிகளை மூடச் சொன்ன அமர்வின் நீதிபதி கே.என். சிங், மூடினால் வேலையின்மை வரும், ஆனாலும் உயிரும் உடல்நலமும் சூழலும் மக்களுக்கு அதைவிட முக்கியம் என்று எழுதினார். நல்ல வாக்கியம். வேலை இழக்கிறவனும் உடல்நலம் இழக்கிறவனும் ஒரே சேரியின் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. முதலாளிக்கு நாம் கேடயம். கம்பெனி மூடும் உத்தரவு வரும்போதெல்லாம் 'ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் தெருவுக்கு வருவார்கள்' என்று அவர் வக்கீல் வாதாடுவார். நிலக்காரருக்கு நாம் சாட்சி. 'ஏழைப் பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடக்கிறார்கள்' என்று அவர் வக்கீல் வாதாடுவார். இரண்டு வாதத்திலும் நம் பெயர் வருகிறது. பட்டியலில்தான் வருவதில்லை.

2025 தீர்ப்பு விவசாயிகளோடு தோல் தொழிலாளர்களின் துயரத்தையும் வாய்விட்டுச் சொல்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தீர்ப்பில் இரக்கமாக வருவதும் இழப்பீட்டுப் பட்டியலில் பெயராக வருவதும் வேறு வேறு. வங்கியில் இரக்கத்துக்கு வவுச்சர் கிடையாது.

பட்டா என்றதும் வாணியம்பாடி பக்கத்து நாராயணபுரம் ஞாபகம் வருகிறது. 2019 ஆகஸ்டில் அந்தப் படத்தை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு பிணத்தைப் பாடையோடு கயிறு கட்டி, இருபது அடி கீழே ஆற்று மணலுக்கு இறக்குகிறார்கள். செத்தவர் காலனிக்காரர். காலனிக்குச் சுடுகாடு ஆற்றங்கரையில். போகிற வழியில் இருந்த நிலங்களுக்கு வேலி போட்டுவிட்டார்கள். பட்டா நிலம், தலித் பிணம் போகக்கூடாது. சில வருஷங்களாகவே பிணங்கள் அப்படித்தான் இறங்கின என்பதும் அப்புறம்தான் வெளியே தெரிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆதிதிராவிடர்களுக்கென்று தனிச் சுடுகாடு வைப்பதே பாகுபாட்டை அரசே வளர்ப்பதாகாதா என்று கேட்டது. சுடுகாட்டுக்கு வேறொரு துண்டு நிலம் ஒதுக்கினார்கள். முடிந்தது.

அந்தப் படத்தை நான் இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். வேலி போட்டவரின் நிலமும் பாலாற்றங்கரை நிலம்தான். அந்தக் கரை மண் கெட்டால் ஹெக்டேர் கணக்கில் நஷ்டஈடு கேட்கலாம். அதே மண்ணில் நம் பிணம் ஐந்து நிமிஷம் நடக்க வழி கேட்டால் இல்லை. ஆற்றுக்கும் மனிதனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பட்டா நிற்கிறது. தண்ணீருக்குப் போகவும் அது வேண்டும், நஷ்டஈட்டுக்கும் வேண்டும், சாவுக்கும் வேண்டும்.

அந்தச் சம்பவம் நடந்த மூன்று மாதத்தில், 2019 நவம்பரில், திருப்பத்தூர் தனி மாவட்டமானது. வரவேற்று பேனர் கட்டினோம். கலெக்டர் ஆபீஸ் பக்கமாக வந்தது நல்லதுதான், மனு கொடுக்க வேலூர் வரை பஸ் செலவு இல்லை.

பட்டா நம்மிடம் எப்படி இல்லாமல் போனது என்பது இந்த இதழ் வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டிய விஷயமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891ல் அறிக்கை எழுதியதும், 1892க்குப் பிறகு பஞ்சமருக்கென்று நிலம் ஒதுக்கியதும், அது கைமாறி மறைந்ததும், 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கியில் விழுந்ததும் நம் ரத்தத்தில் இருக்கிறது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். பிடுங்கப்பட்ட நிலத்துக்கு ஒருமுறை இழந்தோம். அந்த நிலம் பாழானபோது, அது நம் பெயரில் இல்லை என்பதால், இரண்டாம் முறை இழந்தோம். பஞ்சமி நிலத்தில் இன்றைக்கு யார் பட்டா வைத்திருக்கிறாரோ அவர்தான் அதன் உப்புக்கும் நஷ்டஈடு வாங்குவார். பாலாற்றங்கரையில் பஞ்சமி நிலம் எவ்வளவு, அதற்கு நஷ்டஈடு வாங்கியது யார் என்று எந்த ஆணையமும் கேட்டதாக நான் படித்ததில்லை.

குஜராத்தின் ஊனாவில் 2016 ஜூலையில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப்பின் எழுந்த இயக்கம், மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று ஐந்து ஏக்கர் கேட்டது. தோலையும் நிலத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன அந்த முழக்கம் பாலாற்றங்கரையில்தான் முதலில் பிறந்திருக்க வேண்டும். நாம் தூங்கிவிட்டோம்.

நம் வட ஆற்காட்டு ஜனங்கள் போன இன்னொரு ஊரையும் பாருங்கள். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் கோலார் தங்கவயல். பாட்டன் பூட்டன் அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போனது, சயனைடு கலந்த மண்மேடு மிச்சம். நம்மவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். ஆம்பூருக்கும் அப்படி ஒரு நாள் வரும்போது நம்மிடம் என்ன மிச்சமிருக்கும்? சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. மெஷின் வைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் குவித்து வைத்தார்கள். அந்த உப்புமேடு எந்தத் தெரு ஓரம் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த நாள் தூரத்தில் இல்லை என்பதற்கு ஒரு சின்ன ஒத்திகை 2025 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் நின்றது பற்றிப் பத்திரிகைகளில் முதலாளிகள் பேட்டி வந்தது. எனக்குப் பேட்டி தேவைப்படவில்லை. நகைக்கடன் கவுண்டரில் நின்ற பெண்கள் போதும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகள், கம்பெனி வேனில் விடியற்காலை போய் இருட்டில் வருகிறவர்கள். கம்பெனியில் வேலை செய்கிறவளுக்காவது பி.எஃப். எண் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று தைக்கிறவளுக்கு அதுவும் இல்லை. அவள் எந்தக் கம்பெனித் தொழிலாளி என்று கேட்டால் எந்தக் கம்பெனியும் ஆமாம் என்று சொல்லாது. ஏஜெண்டு பெயர் மட்டும் தெரியும். அம்மாவுக்குப் பட்டா இல்லை, மகளுக்கு நியமன ஆணை இல்லை.

ஆகவே மாவட்டத்தின் ஏற்றுமதி இத்தனை கோடி, தனிநபர் வருமானம் இவ்வளவு உயர்ந்தது என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால், கல்லூரித் தம்பி தங்கைகள் மயங்கிவிட வேண்டாம், மறுத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். வருமானம் உயர்ந்தது உண்மை. என் வீட்டிலேயே உயர்ந்தது. அந்த வருமானத்துக்காக யார் எதை இழந்தார்கள் என்ற பேரேட்டைக் கேளுங்கள். வரவு எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

நான் கேட்பது இதுதான். 2025 தீர்ப்பின்படி கொடுக்கிற, இனிமேல் கணக்கிடுகிற எந்த நஷ்டஈட்டிலும் நிலமில்லாத விவசாயக் கூலிகளைப் பாதிக்கப்பட்டோராகச் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்பதோடு இழந்த வேலைநாளுக்கு இவ்வளவு என்று கணக்கு வேண்டும். ஈர வேலை செய்தவர்களின் தோல், நுரையீரல் நோயைச் சூழல் இழப்பாகவே எண்ண வேண்டும். குடிதண்ணீருக்காகச் செலவழித்த காசும் நடந்த நடையும் ஓர் இழப்பு. ஆதாரம் எங்கே என்பார்கள். தேடினால் இருக்கிறது. பழைய ஈ.எஸ்.ஐ. அட்டைகள், பி.எஃப். சீட்டுகள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், 2006க்குப் பிறகு கொடுத்த நூறுநாள் வேலை அட்டைகள். கழனி வேலை ஒழிந்த ஊர்களில் எத்தனை பேர் நூறுநாள் வேலைக்கு ஓடினார்கள் என்பதே ஓர் ஆவணம். சட்டம் படிக்கும் தோழர்கள் அந்த 1996 தீர்ப்பைப் பரீட்சைக்குப் படித்தது போதும், மனுவாக எழுத உட்காருங்கள்.

நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்திருக்கிறோம். நான்கு காலனிகள் முடிந்திருக்கின்றன. ஒரு நீளத்தாள், ஏழு கட்டம். பெயர், வயது, யார் நிலத்தில் எத்தனை வருஷம், என்ன வேலை, எந்த வருஷம் நின்றது, எந்தக் கம்பெனியில் யார் வேலை செய்தார்கள், என்ன நோய். அன்றைக்கு நான் பொய் சொன்ன அந்த அம்மாவின் வீட்டுக்கும் போனோம். நிலம் எவ்வளவு என்று கேட்காமல், எந்த நிலம் என்று கேட்டோம். அவருக்கு சர்வே எண் தெரியாது. புளியமரத்துக் கொல்லை, ரெட்டைக் கெணத்துக் கழனி, மேட்டுக் கால்வாய் ஓரம் ஒண்ணரைக் காணி என்று வரப்பு வரப்பாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வரப்பிலும் தண்ணீர் எந்த வருஷம் உப்பானது என்பதும் தெரிந்திருந்தது. தன் பிள்ளைகள் பிறந்த வருஷத்தை வைத்துக் கணக்குச் சொன்னார். தாள் போதவில்லை, பின்பக்கமும் எழுதினோம்.

அடுத்த ஞாயிறு ஆம்பூர்ப் பக்கம் போகிறோம். வருகிற தோழர்கள் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு வரவும்.